ஒரே பேட்ச், இரண்டு பறவை

முதலில் ஒரு விடுகதை. ஒரே கூட்டில், ஒரே நாளில் பொரிந்த இரண்டு சகோதரிகள். ஒருத்தி பாட்டியாகிவிட்டாள்; மற்றவள் இன்னும் தாயாகவில்லை. யார் இவர்கள்?

ஆட்காட்டிப் பறவைகள். குஞ்சாக இருக்கும்போதே காலில் வண்ண வளையம் மாட்டி, அதன் பிறகு வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை. பேருந்துக்குக் காத்திருந்தே பாதி வயதைக் கழித்தவர்களுக்கு அது புரியும்.

கேட்டில்

பென்னலூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. பின்புறம் பெரிய சரளைக்கல் மைதானம். விடியலில் ஏரிப் பனி அங்கே வந்து படுத்துக்கொள்ளும். பனிக்குள் முதலில் கால்கள் மட்டும் தெரியும், பிறகு வளையம், கடைசியில்தான் பறவை. நீல வளையக்காரி பங்குனி பிறந்ததும் வந்துவிடுவாள். வெள்ளை வளையக்காரி வருவாள், நிற்பாள், போய்விடுவாள். ஆறு வருடமாக இப்படித்தான்.

கேட் காவலர் முனுசாமிக்கு இருவரையும் தெரியும். ஒருநாள் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "நீலம் ஆறு மணிக்கே வந்துட்ச்சி சார். வெள்ளைய இன்னும் காணோம். ஆப்சென்ட் போட்டுக்கவா?"

டீ நேரத்தில்

சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இசக்கி என்று ஒரு திருநெல்வேலிக்காரர். இரண்டும் ஒரே நாளில் பொரிந்தவை, ஒரே ஏரிக்கரையில் மேய்ந்தவை என்றேன். நீலம் வருடம் தவறாமல் நாலு முட்டை இடுகிறாள். வெள்ளை ஒன்றுகூட இட்டதில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது.

டீயை ஆற்றியபடி யோசித்தார். "ஒரே பேட்ச்ல வந்தது ரெண்டு விதமா போச்சுன்னா, எங்க லைன்ல ரெண்டையும் ரிஜெக்ட் பண்ணிருவாவ, அண்ணாச்சி."

லாரி வழி

ஏழாவது கோடையில் வெள்ளை முட்டையிட்டாள். இரண்டே இரண்டு. இருபதடி தள்ளி நீலத்தின் நாலு முட்டைகள். குறிப்பேட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

மறுநாள் காலை முதல் லாரிகள் மைதானத்துக்குள் வந்து வளைந்து திரும்பும் என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். முட்டைகளைத் தினம் ஒரு சாண் நகர்த்தினால் தாய் ஏற்றுக்கொள்ளும். அதற்கு நாள் இல்லை.

"ஏதாவது ஒரு பக்கம்தான் சார் கயிறு கட்டி ஒதுக்க முடியும். எதுன்னு சொல்லுங்க" என்றார் சூப்பர்வைசர். நான் இரண்டு கூட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பள்ளி விடுமுறை என்று கூட்டி வந்திருந்த தன் மகளைப் பார்த்தார். "சாரு முழிக்கிறாரு. நீ சொல்லு கவிதா."

கவிதாவுக்கு எட்டு வயது. நிதானமாக என்னிடம் கேட்டாள்: "அங்கிள், அடுத்த வருஷமும் இதுங்க முட்டை போடுமா?"

"நீலம் போடும். வெள்ளை போடுமான்னு தெரியாதும்மா."

சரளைக்கு மேல் கானல் ஓடியது. இரண்டு பறவைகளும் தண்ணீரில் மிதப்பதுபோல் உட்கார்ந்திருந்தன.

கவிதா இரண்டு முட்டை இருந்த பக்கத்தைக் காட்டினாள்.