கண்ணாடி சுரண்டும் சத்தம்

சுவிஸின் ஊஸ்டர் நகரில் உறைபனி விழுகிற காலைகளில் எங்கள் தெரு ஒரு சத்தத்தோடுதான் விடியும். ஆறு மணிக்கே கார்க் கண்ணாடிகளை ஒவ்வொருவராகச் சுரண்டத் தொடங்குவார்கள். பிளாஸ்டிக் சுரண்டி பனியில் இழுபடும் கரகரப்பு. மற்றவர்களுக்கு அது வெறும் அலுப்பு. எங்கள் வீட்டில் அந்த நேரம் பார்த்து மனைவி குசினி யன்னலை இறுக்கிச் சாத்துவாள். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் மிக்சியைப் போடுவாள். பல வருடம் அப்படித்தான் நடந்தது. ஏனென்று நான் கேட்டதில்லை, எனக்குத் தெரியும்.

நான் பொறுமை கெட்டவன், அதை முதலே சொல்லிவிடுகிறேன். முழுக் கண்ணாடியையும் சுரண்டுவது எனக்கு வீண்வேலையாகப் பட்டது. கண்ணுக்கு நேரே ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வெளித்தால் காணாதா? மிச்சத்தை எஞ்சின் சூடு பார்த்துக்கொள்ளும். அந்தத் தட்டளவு ஓட்டைக்குள்ளால் பார்த்தே பத்துப் பதினைந்து குளிர்காலம் ஓட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது.

அது ஒரு மார்கழி. கோயிலில் விடியற்காலைப் பூசை நடக்கிற நாட்களில் ஒன்று எங்கள் உபயம். பூசையும் பிரசாதமும் எங்கள் பொறுப்பு. நேர்த்தி வைத்தது சுவிஸ் பாஸ்போட்டுக்காக. நகரசபையில் நேர்முகத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. பொலிசில் ஒரு சின்னப் பதிவு விழுந்தாலும் எல்லாம் பாழ் என்று தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் பயமுறுத்தியிருந்தான். அகதியாக வந்து இருபது வருடம் அலைந்தவனுக்கு அந்தப் பயம் போதும்.

மனைவி பிரசாதத்துக்குப் பொங்கிய சர்க்கரைப் புக்கைப் பானையைத் துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"இஞ்சருங்கோ, என்ரை பக்கம் ஒண்டும் தெரியேல்லை. முழுக்கச் சுரண்டுங்கோவன்."

"காணும், காணும். அங்கை ஐயர் பாத்துக்கொண்டு நிக்கப்போறார்" என்று சினந்துவிட்டுக் காரை எடுத்தேன்.

தெருமுனை வருவதற்கு முன்பே அவள் பக்கத்தில் ஏதோ மோதியது. பெரிய சத்தம்கூட இல்லை. பழைய பேப்பர்க் கட்டு ஒன்று அவிழ்ந்து கார் பொனற்றில் விழுந்தது. இறங்கி ஓடினேன். எங்களுக்கு மூன்று வீடு தள்ளித் தனியாக இருந்த சுவிஸ் முதியவர் தார் றோட்டில் கிடந்தார். அன்று நகரசபை பழைய பேப்பர் எடுக்கிற நாள். கட்டைத் தெருவோரத்தில் வைக்க வந்திருக்கிறார். மேலே கறுப்பு ஓவர்கோட்.

அம்புலன்சுக்கு அடித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தேன். கண் திறந்தபடிதான் கிடந்தார். அப்போது எனக்குப் பின்னால் கரகரவென்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். புக்கைப் பானை நடுத்தெருவில் இருந்தது. அவள் சேலையோடு எட்டி எட்டிக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "விடும்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொலிஸ் வருமுன் முடிக்க வேண்டுமே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் கையைப் பிடித்தபடியேதான் அப்படி நினைத்தேன்.

வந்த பொலிஸ்காரர் டோர்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பொட்டுப் பனி இல்லை. "புறப்படுமுன் முழுதாகத் துடைத்தீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். எங்கள் இரண்டு பேர் பேச்சும் காதில் விழாத மாதிரி மனைவி பேப்பர்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

முதியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இருட்டில் கறுப்புக் கோட்டோடு இறங்கியது தன் பிழை என்றார். பொலிசுக்கும் அதையே சொல்லியிருந்தார். வழக்கு அத்தோடு முடிந்தது. பாஸ்போட்டும் வந்தது. சிவப்பு அட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதன் பிறகு நான் சுரண்டாத இடம் காரில் இல்லை. பக்கக் கண்ணாடி, பின் கண்ணாடி, லைற்றுகள், கூரை எல்லாம். உள்ளே வந்ததும் மனைவி மிக்சியை நிற்பாட்டிவிட்டுக் கேட்பாள்.

"முழுக்கச் சுரண்டின்னீங்களோ?"

"ஓம்."

அந்த விடியலைப் பற்றி நாங்கள் கதைத்ததெல்லாம் இவ்வளவுதான். முதியவர் நான்கு சில்லுத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி எங்கள் வீட்டைக் கடந்து கடைக்குப் போய் வருவார். கையசைப்பார். நானும் அசைப்பேன். அசைத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாது.

போன குளிர்காலம் அவர் வீட்டைக் காலி செய்து முதியோர் இல்லத்துக்குப் புறப்பட்டார். வாசலில் பெட்டிகள் இருந்தன. என்னைக் கூப்பிட்டுக் கோட்டுப் பையிலிருந்து ஒரு சுரண்டியை எடுத்துத் தந்தார். மரப்பிடி, பித்தளை அலகு.

"வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இனிக் கார் இல்லை. பித்தளை, கண்ணாடியில் கீறாது. சத்தமும் குறைவு. அன்றைக்கு உங்கள் மனைவி வைத்திருந்தது அதிகம் சத்தம் போட்டது."

சுரண்டியிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன்.

"தலை நிலத்தில் கிடந்தால் எல்லாம் நன்றாகக் கேட்கும். அது நிற்கும்வரை காத்திருந்தேன்" என்றார்.

"அப்படியென்றால் ஏன் பொலிசுக்குச் சொல்லவில்லை?"

"அவர்கள் கோட்டின் நிறத்தைத்தான் கேட்டார்கள்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்குமுன் வண்டியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மனைவியிடம் மறைக்க நினைத்தேன், முடியவில்லை; அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் சுரண்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குசினிக் கதிரையில் இருந்தாள்.

"நோவோடை கிடந்துகொண்டு, நான் சுரண்டி முடியுமட்டும் கேட்டுக்கொண்டே கிடந்தவர்?"

"ஓம்."

அடுத்த நாள் நல்ல உறைபனி. பித்தளைச் சுரண்டியோடு இறங்கினேன். மிக்சிச் சத்தம் வரவில்லை. அண்ணாந்து பார்த்தேன். அந்தக் குளிரிலும் அவள் குசினி யன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கடைசிக் கண்ணாடியைச் சுரண்டி முடிக்கும்வரை அசையவில்லை. நான் உள்ளே வந்தபோது, முழுக்கச் சுரண்டினேனா என்று அவள் கேட்கவில்லை. உறைபனி விழுகிற காலைகளில் இப்போதும் அவள் அப்படித்தான் நிற்கிறாள்.