ஆனியில் திருப்பி வைத்த டிஷ்

ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடிந்து வந்து, நாலைந்து தெருக்களுக்குக் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தார் என் கணவர். தொண்ணூறுகளின் நடுவில், புதிதாக ஒரு செயற்கைக்கோள் மேலே போகிறது, அதில் தமிழ்ச் சேனல்களாக வரும் என்று மதுரையில் யாரோ சொல்லிவிட்டார்கள். அதை நம்பி மில்லில் இருந்த நிரந்தர வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார் மனுஷன்.

ராக்கெட் கிளம்புவது ஆடியில். ஆடியில் யாராவது புதிதாக ஒன்றைத் தொடங்குவார்களா? அதனால் ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் சூடம் காட்டி, மாடியில் இருந்த ஒரே டிஷ்ஷை, அந்தச் செயற்கைக்கோள் வந்து நிற்கப்போகும் இடத்தைப் பார்த்துத் திருப்பினார். மலைக்காற்று அசைத்துவிடக் கூடாதென்று வெல்டிங்கும் வைத்தார். அதுவரை வந்துகொண்டிருந்த சேனல்கள் அன்றோடு நின்றன.

“அது இன்னும் தரையிலதான இருக்கு? அதுக்குள்ள எதுக்குங்க?” என்றேன்.

“ஒரு மாசம் பொறுத்துக்கிடுவாக. பொறவு பாரு,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடித் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். காலையில் தம்பி பேப்பரை வாசித்தான். ராக்கெட் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வெடித்துக் கடலில் விழுந்துவிட்டது, செயற்கைக்கோளும் போயிற்று. இன்சூரன்ஸ் இருப்பதால் கம்பெனிக்குப் பெரிய நஷ்டமில்லை, வேறொன்று அனுப்புவார்கள் என்றும் போட்டிருந்தது. இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு இவர் எழுந்தார். அன்று தேர் பார்க்க அவர் வரவில்லை.

வெல்டிங்கை அறுத்து டிஷ்ஷைப் பழைய பக்கம் திருப்புவதற்குள் வேறொருவன் எங்கள் தெருக்களில் ஒயர் இழுத்துவிட்டான். ஒரு மாதமாக வெறும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சனங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீடுகூட எங்களிடம் திரும்பவில்லை.

மறுபடி மில்லுக்குப் போனார். நானும் கேட் வரை போனேன். மேஸ்திரி வெளியே வந்து பேசினார்.

“ராக்கெட் விழுந்ததுக்கு நான் என்னய்யா செய்யட்டும்? ஒம்ம மெஷின்ல அன்னைக்கே ஆள் போட்டாச்சு. பதிலியா வேணா வாரும்.”

பதிலி என்றால் வராத ஆளுக்குப் பதில் வேலை. தினமும் விடியுமுன் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது லீவு போட்டால்தான் உள்ளே கூப்பிடுவார்கள். தான் தொழில் சொல்லிக் கொடுத்தவர்களுக்குக் காய்ச்சல் வராதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடாத நாட்களில் வீட்டுக்கு வராமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார். பார்த்தவர்கள் வந்து சொல்வார்கள். எனக்கு அழுகையாக வரும்.

பிறகு வேறொரு செயற்கைக்கோள் ஒழுங்காகவே மேலே போனது. அதுவரை வானத்தில் அந்த இடத்தை அதற்காகக் காலியாகவே வைத்திருந்தார்களாம். மில்லில் இவருடைய இடத்தை எவர் வைத்திருந்தார்கள்? கடைசிவரை பதிலியாகவே இருந்து செத்தார்.