ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவில் கிள்ளான் ஸ்டேஷன்

சென்ற மாசி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போய் வந்தேன். மொத்தம் இருபத்தோரு மைல். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா, காசிக்குப் போய் வந்தவனே வாயை மூடிக்கொண்டிருக்கிறானே என்று என் மச்சினன் பெருமாள் கேட்கிறான். கேட்கட்டும். சர்க்கரை வியாதிக்கு தினமும் ஊசி போட்டுக்கொள்கிற ஆட்கள் இந்த ஊரில் என்னைப்போல் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் ஒருநாள் விசேஷம் என்று ரயில் ஏறத்தான் வேண்டும். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் எஞ்சின் கொதிகலன் கழுவுகிறவன். படிப்பு இரண்டாம் புத்தகத்தோடு முடிந்தது. போன வருஷம் ஆள் பாதியாக இளைத்து, தண்ணீர் குடித்துக் குடித்தே தவலையைக் காலி செய்துகொண்டிருந்தபோது டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? “உனக்குப் புண் வந்தால் லேசில் ஆறாது. கிருமி உள்ளே போனால் காலையே எடுக்க வேண்டி வரும்” என்றார். அன்றிலிருந்து எனக்குக் கண்ட இடமெல்லாம் கிருமி. கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிப்பேன். எங்கே போனாலும் என் கோப்பை என் பையில் வரும். குளிக்கிற இடத்திலும் செருப்பு. “சோத்தையும் இன்னொருதரம் கொதிக்க வெச்சுத் தரவா?” என்று வீட்டுக்காரி கேட்பாள்.

மருந்தின் பெயர் இன்சுலின். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும். போட்டால் அரை மணிக்குள் சோறு வயிற்றுக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் உடம்புச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆள் விழுவான், எழுந்திருக்காமலே போனாலும் போவான். அப்படி வந்தால் வாயில் போட நாலு சர்க்கரைக் கட்டி எப்போதும் பையில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கிள்ளானில் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், ஆகவே நான் போகாமல் முடியாது. பன்னிரண்டு மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். அதற்கு முன் பதினொன்றரைக்கு எனக்கு மட்டும் இலை போட்டுவிடுவதாகத் தங்கச்சி சொல்லி அனுப்பியிருந்தாள். கூடவே, வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றும் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் என் ஊசியைக் கொதிக்க வைப்பதா? இதற்கு நான் போட்ட திட்டம்தான் என்னைச் சாகடிக்கப் பார்த்தது.

கோலாலம்பூரில் காலை 9.40 வண்டி. மூன்றாம் வகுப்பு டிக்கெட் அறுபத்திரண்டு காசு. பெருமாளும் நானும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தோம். எதிரே ஒருவர் விடாமல் இருமினார், நான் துண்டால் மூக்கை மூடிக்கொண்டேன். சுங்கை வே தாண்டும்போது சட்டைப்பையில் ஏதோ ஊர்ந்தது. சர்க்கரைப் பொட்டலத்தில் எறும்பு. பிரித்துப் பார்த்தால் கட்டியே தெரியாத அளவுக்கு மொய்த்திருந்தது.

“எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியுமாம் மாமா” என்றான் பெருமாள்.

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. உன் மூஞ்சிதான் சரியில்ல” என்று சொல்லி, பொட்டலத்தை ஜன்னல் வழியே எறிந்தேன்.

10.55-க்குக் கிள்ளான். அந்த வண்டி அங்கேயே திரும்புவது, எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும். டிரைவர் எனக்குப் பழக்கமானவர். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத் தகர டப்பாவில் ஊற்றி, ஊசியையும் குழாயையும் அதில் போட்டு நீட்டினேன்.

“அண்ணே, இதை ஒரு கொதி விட்டுக் குடுங்க.”

“என்னடா, ஊசியில ரசம் வைக்கப் போறியா?”

“ஆமாண்ணே. உங்களுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறேன்.”

கரி அள்ளும் ஷவலில் டப்பாவை வைத்து அடுப்பு வாயில் நீட்டினார். அந்த நெருப்பில் எந்தக் கிருமியும் பிழைக்காது, அது என் தொழில், எனக்குத் தெரியும். கணக்கும் சரியாகவே இருந்தது. 11.10-க்கு ஊசி. தங்கச்சி வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மைல், நடந்தால் இருபது நிமிஷம். போனதும் இலை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், வேட்டியை ஒதுக்கித் தொடையில் மருந்தை ஏற்றினேன். பஞ்சால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே ஒரு மாத்தா-மாத்தா, அதாவது போலீஸ்காரர்.

மறைவாக நின்று ஊசி குத்திக்கொள்கிறவன் என்றால் இங்கே ஒரே அர்த்தம்தான். மார்பியா என்கிற போதை மருந்து. ஊசி வைத்திருப்பதே குற்றம். “இது மருந்து துவான், சர்க்கரை வியாதி” என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். “எல்லாரும் மருந்து என்றுதான் சொல்கிறார்கள்” என்றார் அவர். டாக்டர் கொடுத்த இங்கிலீஷ் சீட்டைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மேலதிகாரி சார்ஜன் வெளியே போயிருக்கிறார், அவர் வந்து படிக்கட்டும் என்று எங்களை ஸ்டேஷன் கோடியில் இருந்த காவல் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். மணி 11.20. டிரைவரிடம் சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தேன். வண்டி நகர்ந்துவிட்டிருந்தது.

கொட்டகையில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே ஒரு சீனர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஊசிப் புண், சில காய்ந்தவை, சில காயாதவை, மேலே ஈ. உண்மையான மார்பியா ஆள். கையில் பால் விடாத கோப்பி ஒரு கோப்பை. நான் பெஞ்சின் அடுத்த கோடிக்குப் போய், பாதி உடம்பு அந்தரத்தில் தொங்க உட்கார்ந்தேன்.

11.40. அரை மணி ஆகிவிட்டது. வாசலில் ஒருவர் வடைத் தட்டோடு போனார். “வாங்கியாரவா மாமா? ஊசி போட்டுட்டீங்களே” என்று பெருமாள் எழுந்தான். நான் தட்டைப் பார்த்தேன். திறந்த தட்டு, வடைக்கு நாலு ஈ.

“வேணாம்டா. அதுக்கு மார்பியாவே தேவலாம்.”

பெருமாள் சிரித்தான். நானும் சிரித்தேன். வடைக்காரர் போய்விட்டார்.

12.05-க்கு வேர்த்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு முழங்கால் தானாக ஆடியது. கையால் அமுக்கினேன், கையும் சேர்ந்து ஆடியது. சட்டைப்பையில் கைவிட்டேன், ஒரே ஒரு எறும்பு மிச்சம் இருந்தது.

“பெருமாளு, நான் சாகப் போறேன்டா. சர்க்கரை கொண்டா.”

“பொங்கலன்னைக்கும் இப்படித்தான் செத்தீங்க. அக்கா அழுது முடிச்சப்புறம் எந்திரிச்சு வடை கேட்டீங்க. மாத்தா முன்னாடி விளையாடாதீங்க மாமா.”

அது உண்மை. பொங்கலுக்கு அப்படிச் செய்தேன். இல்லைடா, இது நெசம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு. போலீஸ்காரரைப் பார்த்து, “மாப்பிள்ளை, தாலி எங்கே?” என்று கேட்டேனாம். பெருமாள் விழுந்து விழுந்து சிரித்தானாம். எனக்கு அவன் வாய் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. கொட்டகை மஞ்சளாகிக்கொண்டே வந்தது. இவன் சிரித்து முடிப்பதற்குள் நான் போய்விடுவேன், பிள்ளைக்கு யார் மடியில் வைத்துக் காது குத்துவார்கள் என்று மட்டும் நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அடுத்து ஞாபகம் இருப்பது அந்தப் புண் கைகள். அவர் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து என் பக்கம் வந்திருந்தார். “மினும், மினும்” என்றார். குடி என்று அர்த்தம். பிறகு போலீஸ்காரரிடம் மலாயில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பெருமாள் பிற்பாடு சொன்னான்: “இவனுக்கு மருந்து கிடைக்காத ஆட்டம். எனக்கும் இப்படித்தான் வரும். இனிப்பாகக் குடித்தால் கொஞ்சம் அடங்கும்.” என்னைத் தன் ஆள் என்றே நினைத்துவிட்டார். அவர் கையும் ஆடியது, என் கையும் ஆடியது. ஒரே கோப்பையை நாலு கைகள் பிடித்து என் வாய்க்குக் கொண்டுபோயின. அடியில் சர்க்கரை பாகாகப் படிந்திருந்தது. விரலை விட்டு வழித்து நக்கினேன்.

கால் மணியில் கொட்டகை பழைய நிறத்துக்கு வந்தது. என் முகத்தைப் பார்த்துப் பெருமாளுக்குச் சிரிப்பு நின்று அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் அதே வடையை வாங்கி வந்தான். நாலு தின்றேன், ஈயை எண்ணவில்லை. ஒரு மணிக்கு சார்ஜன் வந்து சீட்டைப் படித்தார், புட்டியையும் ஊசியையும் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் அந்தச் சீனரை வேறொரு போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக் கேட்டேன். “அடிக்கடி வருகிற ஆள், பேர் எதற்கு?” என்றார் மாத்தா.

காதுகுத்து இரண்டு மணிக்கு நடந்தது. ஆசாரியின் ஊசியில் ஸ்பிரிட்டு ஊற்றியாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். “இருபது வருஷமாக் குத்துறேன், ஒரு காதும் அழுகல” என்று முறைத்தார், ஆனாலும் ஊற்ற விட்டார். தங்கச்சி கதையைக் கேட்ட பிறகு என் பக்கத்தைவிட்டு நகரவேயில்லை.

அதன்பின் மூன்று வாரம் தினமும் காலையில் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. டாக்டர் கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சர்க்கரையை எறிந்ததற்குத்தான் திட்டித் தீர்த்தார். வீட்டுக்காரி மட்டும் முழுக்கதையும் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, “கோப்பையக் கொதிக்க வெச்சீங்களா?” என்றாள்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். இலையில் சோறு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசியை எடுங்கள், என் மாதிரி மைலும் நிமிஷமும் கூட்டிப் பார்க்காதீர்கள். சர்க்கரையை இறுக்கமான மூடி போட்ட தகர டப்பாவில் வையுங்கள், எறும்பு புகுந்தாலும் எறியாதீர்கள், எறும்போடு தின்னுங்கள். டாக்டர் சீட்டை மலாயிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூட வருகிறவனிடம், நான் உளறினால் சிரிக்காதே, வாயில் இனிப்பைப் போடு என்று வீட்டிலேயே சொல்லி வையுங்கள். என்னைப்போல் எப்போதும் உளறுகிறவர்கள் இரண்டுதரம் சொல்லுங்கள்.

என் கோப்பை இன்னமும் என் பையில்தான் வருகிறது, தண்ணீர் இன்னமும் கொதிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று மனதில் கிடந்து உறுத்தியது. அது அந்தச் சீனருக்கும் தேவைப்பட்ட கோப்பி. அவருக்கு ஒரு வாயாவது மிச்சம் வைத்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்குத் திரும்பி வருகிற வண்டியிலேயே பெருமாளைக் கேட்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஒரு சொட்டு வைக்கல மாமா.”