செல்லக்கண்ணு அண்ணன் குடித்த மஞ்சள்

சாங்கி ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் முப்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் செல்லக்கண்ணு அண்ணன். தோ பாயோ அடுக்குமாடியில் எங்களுக்கு எதிர் வீடு. மனைவி தவறி ஆறு வருஷம் ஆகிறது, தானே சமைத்துச் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளி அவர் கையில்தான். போதும் போதும் என்றாலும் இன்னொரு கரண்டி விழும். அந்த மனுஷனைத்தான் நான் கெடுத்தேன்.

நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். வெறும் மஞ்சளை உடம்பு லேசில் ஏற்காது. அதனால் அதன் சத்தைப் பிரித்து எண்ணெயில் கரைத்து, வயிற்றில் தண்ணீர் பட்டதும் கண்ணுக்கே தெரியாத துளிகளாக உடைகிற மாதிரி கேப்சூல் செய்து பார்க்கிறோம். குடல் புற்றுநோய்க்கு. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில்தான் இதுவரை சோதித்திருக்கிறோம். எலிக்குக்கூடக் கொடுத்ததில்லை.

ஆனால் பந்தியில் உட்கார்ந்து நான் அளந்தது வேறு. "நம்ம மஞ்சள்தான். எண்ணெயில கலந்தா கேன்சர் செல் அப்படியே சாவுது, என் கண்ணால பாத்தேன்" என்றேன். நாலு பேர் வாயைப் பிளந்து கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனும் வாளியோடு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து லிஃப்டில் பார்த்தால், சட்டை தொளதொள என்று தொங்கியது. என்னண்ணே என்று கேட்டதும் வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். பிளெண்டர், தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய மஞ்சள்தூள், நல்லெண்ணெய். குடலில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்களாம். யாரிடமும் சொல்லவில்லையாம். என் பேச்சைக் கேட்ட மறுநாளே ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டாராம்.

"உங்க லேப்ல மாதிரியே நல்லா அடிச்சுத்தான் குடிக்கிறேன், தங்கச்சி" என்றார்.

ஐயோ, என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கக் கூடாதா! அது மருந்தே இல்லை, தட்டில் செத்தது உடம்பிலும் சாகுமா என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லி அழுதேன். அவர் கோபப்படவில்லை. பிளெண்டரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் தமிழ்ப் பெண். ஈரலுக்கும் பரவிவிட்டது, அன்றைக்கே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்றார். மஞ்சள் குடித்த கதையை அண்ணன் சொன்னதும், யார் சொல்லி இதைக் குடித்தீர்கள் என்று கேட்டார்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் குடிச்சேன் லா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நீங்கள் யார் என்றார்.

"எதிர் வீடு" என்றேன்.