டிரங்க் லைனில் நாங்கள் சண்டை போட்ட நாவல்கள்

பக்கம் புரளும் சத்தம்

டெலிபோன் ஒப்பரேட்டராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன். எழுபதுகளின் கடைசி அது. மாத்தளைக்கு வடக்கே ஒரு சிறிய நகரத்தில், தபால் கந்தோரின் பின்னறையில் எங்கள் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. யாராவது தங்கள் டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினால், என் முன்னால் இருக்கும் போர்டில் அவர்களுடைய நம்பருக்கு மேலே உள்ள சின்ன மூடி டக்கென்று விழும். வயரைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, வெளியூர் என்றால் டிரங்க் லைனில் அடுத்த எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு இணைக்க வேண்டும். மத்தியானம் வேலை குறைந்ததும் மடியில் வைத்திருந்த துப்பறியும் நாவலை மெல்லத் திறந்தேன்.

ஹெட்செட்டில் ஒரு பெண் குரல் கேட்டது. "என்ன வாசிக்கிறீங்க?"

ஒன்றுமில்லை என்றேன்.

"பொய் செல்ல வேணாம். பக்கம் பொரட்டுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. லைனை மூடாம வச்சீக்கிறீங்க."

அவள்தான் நசீமா. கலேவெலப் பக்கம் இன்னொரு சிறிய எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டர். என்ன நாவல் என்று கேட்டாள், சொன்னேன். "ஓ, அதுவா. அதுல கொலை செஞ்சது டொக்டர்" என்றாள்.

நான் மூன்றாம் அத்தியாயத்தில்தான் இருந்தேன். அன்று முழுவதும் வேலைப் பேச்சைத் தவிர அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் நானே கூப்பிட்டுச் சண்டையை ஆரம்பித்தேன். கொலைகாரனை ஒளித்துவைப்பது ஒன்றுதான் துப்பறியும் நாவலின் வேலை, அதைக் கெடுத்துவிட்டீர்களே என்றேன். கடைசி அத்தியாயத்தை முதலில் வாசிப்பதுதான் அவள் வழக்கமாம். கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு வாசிக்க முடியாமல் போனால் அது நாவலே இல்லை, விடுகதை என்றாள். கோபத்தோடு அந்த நாவலை வாசித்து முடித்தேன். சொல்லவே வெட்கமாக இருந்தது, டொக்டர்தான் என்று தெரிந்து வாசித்தபோது அவன் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் இன்னும் பயமாகத்தான் இருந்தது.

குடும்பப் பிரச்சினை

அதற்குப் பிறகு எங்களுக்கு ஓய்வே இல்லை. புத்தகங்கள் பஸ் கண்டக்டரின் கையில் போய் வந்தன. அபிப்பிராயங்கள் லைனில் போய் வந்தன. நேரில் மட்டும் நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை.

சரித்திர நாவல் என்றால் எனக்கு உயிர். அவளுக்கு ஆகாது. ராணியின் அழகைச் சொல்லி முடிப்பதற்குள் யுத்தமே முடிந்துவிடுகிறது, இவ்வளவு தூரம் ஓடுகிற குதிரைக்கு யாரும் புல் போடுவதில்லை என்பாள். அவளுக்குப் பேய்க் கதை பிடிக்கும். ஆனால் பேய் ஏன் எப்போதும் பங்களாவுக்கே வருகிறது, நான் வளர்ந்த தோட்டத்து லயத்துக்கு, அந்த ஒற்றை அறை வீட்டு வரிசைக்கு, ஏன் வருவதில்லை என்று கேட்டாள். ஒரு காம்பராவில் எட்டுப் பேர் படுத்திருக்கிறோம், பேய்க்கு எங்கே இடம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கை தட்டி, யாரோ பேசிக்கொண்டிருந்த டெலிபோன் கோல் ஒன்று அறுந்து போனது.

தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிய நாவல் ஒன்றை நிறையப் பேர் புகழ்ந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து எல்லோரும் அழுகிறார்கள். எங்கள் அம்மா கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று கணக்கப்பிள்ளையை நக்கலடித்தால் மலையே சிரிக்கும். அந்த நாவலில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. கஷ்டத்தைச் சரியாக எழுதியவருக்கு ஆட்களைத் தெரியவில்லை என்றேன். நசீமா அதை மட்டும் எதிர்வாதம் இல்லாமல் ஒப்புக்கொண்டாள்.

பெரிய சண்டை ஒரு குடும்ப நாவலால் வந்தது. அடித்துத் துரத்திய புருஷனிடம் கதாநாயகி கடைசியில் திரும்பிப் போகிறாள். பிள்ளைக்காகப் போனது சரி என்று நசீமா வாதாடினாள். போகவே கூடாது என்று நான் கத்தினேன். அப்போது லைனில் மூன்றாவதாக ஒரு ஆண் குரல் கேட்டது.

"மகள், நீங்க செல்றதுதான் சரி. அந்தப் பொம்புள போகக் கூடா."

கொழும்புக்கு மரக்கறி அனுப்பும் சேகு முதலாளி. டிரங்க் கோலுக்காகக் காத்திருந்தவருடைய வயரை நான் கழற்ற மறந்திருக்கிறேன்.  அதோடு விடாமல், போன கிழமை நாங்கள் பேசிய பேய்க் கதைக்கு என்ன முடிவு என்று விசாரித்தார்.

அதே நேரத்தில் கண்டியிலிருந்து ஒரு மேலதிகாரி எங்கள் லைனைப் பிடிக்கப் பார்த்து, எங்கேஜ், எங்கேஜ் என்ற பதிலையே கேட்டிருக்கிறார். மறுநாள் நேரிலேயே வந்துவிட்டார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். தோட்டத்து ஆட்களுக்கு எளிதில் கிடைக்காத பிரஜாவுரிமை, பரீட்சை, சிங்களம் என்று எல்லாவற்றையும் தாண்டி எங்கள் லயத்திலிருந்து கிடைத்த முதல் அரசாங்க வேலை அது. முத்திரை வாங்க வந்திருந்த சேகு முதலாளி கவுண்டர் வழியாகத் தலையை நீட்டி, லைனைப் பிடித்து வைத்திருந்தது தான்தான் என்று சிங்களத்தில் சொன்னார். அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று அதிகாரி கேட்டார்.

"குடும்பப் பிரச்சினை" என்றார் முதலாளி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

அதிகாரி அனுதாபத்தோடு தலையசைத்தார்.

இரவல் காற்சட்டை

எண்பத்துமூன்று ஜூலையில், இனக் கலவரத்தில், மாத்தளை டவுனில் தமிழர்களின் கடைகள் எரிந்தன. ஊரடங்குச் சட்டம் வந்தது. சிங்களவரான எங்கள் போஸ்ட்மாஸ்டர் மஹத்தயா என்னை வெளியே விடவில்லை. தன் குவாட்டர்ஸிலேயே தங்க வைத்தார். அவருடைய மனைவி எனக்கும் சேர்த்துச் சமைத்தார். அவசரக் கோல்களைத் தவிர போர்டில் எதுவும் விழவில்லை. அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் என்ன ஆனார்கள் என்று தெரியாது. தோட்டத்து ஃபெக்டரியின் டெலிபோன் நசீமாவின் போர்டில் இருந்தது. அவள் மணி அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், யாரும் எடுக்கவில்லை.

நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் பதில் சொல்வதை விட்டுவிட்டு ஒரு நகைச்சுவை நாவலை வாசிக்கத் தொடங்கினாள். வேலைவெட்டி இல்லாதவர்களின் புத்தகம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த வகை அது. எனக்கு ஆத்திரம் வந்தது.

"நிப்பாட்டுங்க நசீமா. இது சிரிக்கிற நேரமா?"

"நீங்க சிரிக்க வேணாம். வாசிக்காட்டி எனக்கு அழுக வந்துரும். அதுக்குத்தான் வாசிக்கிறேன்."

பெண் பார்க்கப் போகிறவன் இரவல் காற்சட்டை போட்டிருக்கிறான். அது ஒரு சுற்றுச் சின்னது. உட்கார்ந்தால் கிழிந்துவிடும். பெண் வீட்டில் எல்லோரும் உட்காரச் சொல்கிறார்கள். அவன் நின்றபடியே பலகாரம் தின்கிறான். அப்போது காற்சட்டையின் சொந்தக்காரன் உள்ளேயிருந்து வருகிறான், அவன்தான் பெண்ணின் தாய்மாமன். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். நான் அழுகிறேன் என்று நினைத்துப் போஸ்ட்மாஸ்டர் ஓடிவந்தார். கதையைச் சிங்களத்தில் சொன்னேன். ரோட்டுக்குக் கேட்கக் கூடாதென்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

நசீமா திடீரென்று வாசிப்பை நிறுத்தி, பொறுங்கள் என்றாள். வயர் செருகும் சத்தம். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவை டெலிபோனைப் பிடித்திருந்த எங்கள் அம்மா, எதிர் மலையில் நிற்பவளைக் கூப்பிடுவது போலக் கத்தினாள்.

"நாங்க எல்லாரும் ஃபெக்டரி மாடியில இருக்கோம். ஒன்னும் ஆகல. நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.  லைனில் விம்மல் சத்தம் கேட்டது.

"அது யாரு புள்ள, நடுவுல அழுவுறது?" என்றாள் அம்மா.

"என் கூட்டாளிம்மா" என்றேன்.

அம்மா டெலிபோனை வைத்ததும் நசீமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். தாய்மாமன் காற்சட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எந்த வகை நாவல் நல்லது என்று இளையவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று முதலில் விசாரிக்கிறேன். என்ன புத்தகம் கொடுப்பது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.