குடிக்காதவனின் படையல்

வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். சென்னையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அன்ஃபிட் என்று திருப்பி அனுப்பினார்கள். ஹெபடைடிஸ் பி, ஈரலைக் கெடுக்கும் நோய். எட்டாவதோடு நின்ற எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே நாளாயிற்று. பெண்ணாடத்தில் கரும்பு லோடு, சூரத்தில் சாயப்பட்டறை, கேரளாவில் கல்குவாரி என்று சுற்றிய இடமெல்லாம் குடித்தவன் நான். குடிக்குக் கிடைத்த கூலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து காட்டிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. இது குடியால் வருவதில்லை, ரத்தத்தில் இருக்கும் கிருமி, பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்றார். எங்கள் அம்மா வயிறு வீங்கித்தான் செத்தாள்.

"கூடப்பொறந்தவங்க இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

ஒரே தம்பி. விருத்தாசலத்தில் செராமிக் பட்டறை ஒன்றில் அச்சுகளில் களிமண் கூழ் ஊற்றும் வேலை. கல்யாண வீட்டில் பாட்டில் திறந்தால் எழுந்து பந்தி பரிமாறப் போய்விடுவான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவனுக்கும் அது இருந்தது. அவன் மனைவிக்கும் மகளுக்கும் இல்லை. அவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தினம் ஒரு மாத்திரை. நாங்களாக நிறுத்தக் கூடாது, குடிக்கக் கூடாது, உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது, பச்சிலை கூடாது, ஸ்கேனுக்குத் தவறாமல் வரவேண்டும்.

வெளியே வந்ததும் தம்பி சிரித்தான். "ஒனக்குத்தாண்ணே தண்டன. நான் எதண்ணே வுடுறது? டீயயா?"

நான் விட்டேன். தூக்கம் போனது. சேத்தியாத்தோப்பில் நெல் மூட்டை தூக்கிய நாட்களில், மற்றவர்கள் பாட்டிலைத் திறந்தால் நான் பரோட்டா கடைப் பக்கம் நடந்துவிடுவேன். "சாமியாரு கெளம்பிட்டாருடா" என்பார்கள். எந்த ஊரில் இருந்தாலும் மாத்திரை தீர்வதற்குள் பஸ் ஏறி வந்து வாங்கிக்கொண்டு போனேன்.

தம்பியும் ஒழுங்காகத்தான் சாப்பிட்டான். பிறகு எடுத்த பரிசோதனையில் கிருமி தெரியவில்லை என்று வந்தது. எனக்கும் அப்படித்தான் வந்தது. மாத்திரை அதை அமுக்கி வைத்திருக்கிறது, அது போய்விடவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நான் பயத்தில் அதைக் காதில் வாங்கிக்கொண்டேன். சந்தோஷத்தில் அவன் காதில் அது ஏறவில்லை.

ஓசூரில் கட்டட வேலையில் இருந்தபோது போன் செய்தான். "மாத்திரய வுட்டுட்டேண்ணே. ரிசல்ட்டுதான் நல்லா வந்துடுச்சே. குடிக்கிறவனுக்கு வேணும், எனக்கு எதுக்கு?"

திட்டினேன். "சரிண்ணே, சரிண்ணே, நாளைக்கே வாங்குறேன்" என்றான். வாங்கவில்லை.

கண் மஞ்சளானதும் கம்மாபுரம் பக்கம் யாரிடமோ பச்சிலை குடித்துவிட்டு, உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தான். நான் வந்து சேர்ந்தபோது அவன் வயிறு அம்மாவின் வயிறு போலவே இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"எத்தினி வருஷமா குடிக்கிறாரு?" என்று நர்ஸ் கேட்டார்.

"குடிக்க மாட்டாருங்க" என்றாள் தம்பி மனைவி.

"எல்லாரும் அப்பிடித்தாம்மா சொல்றாங்க."

தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "இல்லீங்க, குடிச்சவன் நான்தாங்க" என்றேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். ஈரல் தேறவில்லை. அப்புறம் அவனுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போயிற்று. என்னை அம்மா என்று கூப்பிட்டான். நானும் "என்னாடா" என்று கேட்டேன். அங்கேயே போய்விட்டான்.

செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் கருமாதிப் படையலில் வைப்பது எங்கள் வழக்கம். தம்பி மனைவி கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்து இலையில் வைத்தாள். அவளுடைய சித்தப்பா, நல்ல மனுஷன், மடியிலிருந்து ஒரு குவார்ட்டரை எடுத்து இலையோரம் வைத்தார்.

"ஆசப்பட்டதச் சாப்புட்டுட்டுப் போவட்டும்மா. செத்தவங்கிட்ட என்னா வெக்கம்."

அவள் சத்தம் போடவில்லை. பாட்டிலை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "அவரு இத மோந்துகூடப் பாத்ததில்ல சித்தப்பா."

"ஈரலு கெட்டுத்தானம்மா போனான்?" என்றார் அவர், பரிவாகவே.

நான் சொல்ல ஆரம்பித்தேன். கிருமி, அம்மா, மாத்திரை. பின்னாலிருந்து ஒரு பங்காளி, "குடியப் பத்தி அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். துக்க வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள். நான் நிறுத்திக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு தம்பி மனைவி வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். மகள் உள்ளே தூங்கிவிட்டிருந்தாள்.

"நீங்க குடிச்சீங்க மாமா. அவரு குடிக்கல. எப்பிடி மாமா?"

அவளுக்குத் தெரியாதது இல்லை. டாக்டரம்மா சொன்னபோது பக்கத்திலேயே இருந்தவள்தான்.

"மாத்திரய நிறுத்திட்டாம்மா."

"தெரியும் மாமா" என்றாள். பிறகு மறுபடியும், "எப்பிடி மாமா?" என்றே கேட்டாள்.