மீன் எண்ணெய் பூசிய துப்பாக்கி

எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வந்ததற்குக் காரணம் என் அக்கா புருஷனின் வாய். அறுபதுகளின் கடைசியில் ஓர் ஈஸ்டர் அன்று, ராயபுரத்தில் என் அம்மா வீட்டுக்கு, தானே சுட்ட மான் கறியைத் தூக்கிக்கொண்டு வந்தார் அந்த மனுஷன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, "துன்னு சகல, ஒனக்கெல்லாம் எலி கூட சுட வராது" என்றார். என் வீட்டுக்காரர் ரோஷக்காரர். கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "இனிமே நானே சுட்ட மான் கறிதான் என் வாயில போவும். அதுவரைக்கும் எந்தக் கறியும் கிடையாது!" என்று எல்லார் முன்னாலும் சபதம் செய்தார். மீனும் முட்டையும் கறியில் சேராது என்று மறுநாள் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

ஹார்பரில் கிளார்க் வேலை அவருக்கு. கண்ணாடியைக் கழற்றினால் மாதா கோயிலில் உபதேசியாருக்கும் சாமியாருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த மனுஷனைக் காட்டுக்குள் விடுவதா? அக்கா புருஷனோடு வேட்டைக்குப் போன ஒருத்தர், புதருக்குப் பின்னால் அசைந்த குற்றத்துக்குத் தொடையில் குண்டு வாங்கி ஏற்கனவே நொண்டிக்கொண்டிருந்தார். ஆனால் ரோஷத்தில் இருக்கிற ஆம்பிளையிடம் போய், பயமாக இருக்கிறது என்று சொல்ல என் வாய்க்கு வராது. கிண்டல்தான் வரும்.

ஆபீஸ் ஆபீசாக நடந்து லைசென்ஸ் வாங்கினார். மவுண்ட் ரோட்டுக் கடைக்கு நானும் போனேன். சீமைத் துப்பாக்கிகளைப் பட்டுத் துணியில் வைத்துக் காட்டினார் கடைக்காரர். விலையைக் கேட்டதும் இவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் எங்கள் கைக்கு எட்டியது யாரோ விற்றுவிட்டுப் போன பழைய ரைபிள். ஒவ்வொரு குண்டுக்கும் பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும்.

"ரெண்டாவது குண்டு போடறதுக்குள்ள மான் வூட்டுக்குப் போய்த் தூங்கிடும்" என்றேன். கடைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

வாங்கியாயிற்று. இனி அதைத் தன் உடம்புக்குத் தோதாக மாற்ற வேண்டும் என்றார். ஆஹா, இது போதாதா எனக்கு! அவர் காட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் நான் ஒரு குற்றம் கண்டுபிடித்தேன். கைப்பிடி முரண்டு பிடிக்கிறது என்றேன். பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் வேலை செய்த தோஸ்து ஒருத்தர் அதை அராவி வழுக்கவிடுவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. சுட்டால் தோள்பட்டை எகிறிவிடும் என்றேன். லாரி டயர் ரப்பரை வெட்டி, தோளில் முட்டும் மரக்கட்டையின் அடியில் மெத்தை வைத்தார். "கட்ட நீளமா கீதே, ஒன் கைதான் குட்டையாச்சேய்யா" என்றேன். அது மட்டும் உண்மை. காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரியிடம் கொடுத்து, கட்டையை அறுத்து இழைக்கச் சொன்னார்.

அவருக்குத் தெரியாமல் நானும் ஆசாரியிடம் போனேன். "அண்ணே, இங்க உப்புக் காத்து. படகுக்குப் பூசற மாரியே நல்லா எண்ண பூசிடு" என்றேன். ஆசாரி தங்கமான மனுஷன். மீன் எண்ணெயைக் காயக் காய மூன்று தரம் ஏற்றிக் கொடுத்தார்.

அன்று துப்பாக்கியோடு தெருப் பூனை எல்லாம் வீட்டுக்கு வந்தது. ஒன்று அலமாரிக் கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. "எண்ணூர்ல நீ நின்னா மலையில கீற மானுக்கு நாத்தம் எட்டிடும்" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். நாற்றம் போகட்டும் என்று ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் காய வைத்துவிட்டுப் பக்கத்திலேயே கம்போடு உட்கார்ந்திருப்பார், பூனை விரட்ட.

சபதத்தை மட்டும் அவர் விடவில்லை. கல்யாண வீட்டில் பிரியாணியைக் கிளறி, கறித்துண்டையெல்லாம் என் இலைக்குத் தள்ளுவார். நாலு கிறிஸ்துமஸ் இப்படியே போனது. பார்க்கப் பாவமாக இருக்கும். இருந்தாலும் ஆள் முழுசாக இருக்கிறாரே என்று நான் சாப்பிட்டுவிடுவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இனிமேல் இஷ்டத்துக்கு மிருகங்களைச் சுடக் கூடாது, சட்டம் வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தது. தெருவுக்கே கேட்கும்படி அதை இரண்டு தரம் படித்தார். "சர்க்காரே வேணாங்குது. நான் இன்னா பண்றது?" என்றார். முகத்தில் துக்கம் பொட்டுக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய் ஆட்டுக்கறி வாங்கி வந்தார்.

அவர் மூன்றாவது தரம் கறி போட்டுக்கொண்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை. "அந்த மீன் எண்ண நான் சொல்லித்தான் ஆசாரி பூசுனாரு" என்றேன்.

"தெரியும்மே. ஆசாரி அன்னிக்கே சொல்லிட்டான்." எலும்பை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார். "அடுத்து இன்னா சொல்லுவ, இன்னா சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன். கட்டைன்ன, கைப்பிடின்ன, நாத்தம்ன. 'பயமா கீது, போவாத'ன்னு மட்டும் சொல்லல. சொல்லிருந்தா அன்னிக்கே கறி துன்னிருப்பேன்."

கரண்டியை ஓங்கினேன். அவர் தட்டை மட்டும் நகர்த்திக்கொண்டார்.

"பயமாத்தான்யா இருந்துச்சு, படுபாவி" என்றேன்.